மீனற்ற தொட்டியில் வாழும் உயிர்கள்

விடுமுறைக்கு மீன்களை அப்புறப்படுத்தியபின், வெறுந்தொட்டிதானே என்றெண்ணி அதனைக் கழுவிக் காயவைப்போர் பலர். தவணை தொடங்கியதும் புதுநீரில் மீன்களை விடுவர். சில நாளில் அவை ஒவ்வொன்றாய் மடியக் காண்பர். அழுக்கோடு கழுவிப்போனது யாதென அவர் அறியார்.

மீனின் கழிவாகிய அமோனியா நஞ்சு. பரற்கற்களிலும் வடிகட்டியிலும் ஒட்டி வாழும் பற்றீரியாக்களுள் ஒருவகை அதனை நைத்திரைற்றாக்கும், அதுவும் நஞ்சே. பிறிதொருவகை அதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக்கும். 1877இல் சுலோசிங், மூன்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் மணலும் சுண்ணக்கற்றூளும் நிறைந்த குழாயூடாகக் கழிவுநீரைச் செலுத்தி, இம்மாற்றம் நுண்ணுயிர்களின் செயலே எனக் காட்டினர். குளோரபோம் ஆவி பட்டதும் மாற்றம் நின்றுவிட்டது. மானிப்பாய்த் தோட்டங்களில் நாமிடும் எருவை நைத்திரேற்றாக்குவனவும் இவ்வினத்தனவே. அந்நைத்திரேற்று சுண்ணக்கல்லூடே வடிந்து கிணற்றிற் சேர்வது வேறு கவலை.

இவை மெல்லவே பெருகும். புதுத்தொட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு கிழமை செல்லும். ஆதலின் உள்ளவற்றைக் காத்தலே எளிது. தொட்டியை வற்றவிடலாகாது. காற்றுப்பம்பி இரவும் பகலும் இயங்கவேண்டும். ஒட்சிசனின்றி இவை தொழில் செய்யா. உணவாக, நவச்சாரம் எனப்படும் அமோனியங் குளோரைட்டை 100 இலீற்றர் நீருக்கு அரைக் கிராம் வீதம் கிழமைக்கொருமுறை இட்டாற் போதும். மிகுதியாயிடுவது தீங்கே. இவற்றின் தொழிலால் நீரிற் புளிப்பேறும். நமது கிணற்று நீரின் சுண்ணம் அதனைத் தணிக்கும். ஆனால், அண்மையிற் குளோரீன் இட்ட கிணறாயின் சில நாட் பொறுத்தே நீரள்ளுக. மீன்களை விடுமுன் பாதி நீரை மாற்றி, அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லையெனச் சோதித்தறிதல் வேண்டும்.