சொட்டும் இடமும் ஒழுகும் இடமும்

அமெரிக்காவின் பண்ணைப் பிரதேசங்களில், வைக்கோற் கட்டுகளையும் வேலிக் கம்பங்களையும் ஏற்றிக்கொண்டு, நாற்பது ஆண்டுகளுக்கு முன் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த ஷெவர்லே பிக்அப் வண்டிகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1973 முதல் 1987 வரை விற்பனையான அந்த வரிசையில் பல வண்டிகளுக்குப் பொருத்தப்பட்டது, 1955-இல் தோன்றிய சிறிய வி-8 யந்திரக் குடும்பத்தைச் சேர்ந்ததும் 350 கன அங்குலம், அதாவது 5.7 லிட்டர், கொள்ளளவுள்ளதுமான யந்திரம். உழைப்புக்கும், உதிரி பாகங்கள் எங்கும் கிடைப்பதற்கும் கீர்த்தி பெற்ற அந்த யந்திரத்துக்கு ஓர் அபகீர்த்தியும் உண்டு: வயது ஏற ஏற, வண்டி நின்ற இடமெல்லாம் எண்ணெய் சொட்டும். இந்தக் கசிவை நிறுத்துவது கைத்திறமை சம்பந்தமான காரியம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். கை செய்ய வேண்டியதற்கு முன்பே புத்தி செய்ய வேண்டியது ஏராளம் என்பது, தவறான சீலை மாற்றிப் பணத்தைச் செலவழித்த பிறகுதான் பெரும்பாலோருக்கு விளங்குகிறது.

யந்திரம், வெளிக்குத் தோன்றுவதுபோல, ஒரே உலோகத் திரள் அன்று. நடுவே சிலிண்டர் பிளாக், அதன் இருபுறமும் சிலிண்டர் ஹெட்டுகள், அவற்றின்மேல் டேப்பட் கவர்கள், நடுப்பள்ளத்தை மூடும் இன்டேக் மேனிபோல்டு, முன்னே டைமிங் கவர், அடியில் எண்ணெயைத் தாங்கும் சம்ப் என்று பல பாகங்களை போல்ட்டுகளால் பிணைத்த தொகுதியே அது. உலோகத்தின்மேல் உலோகத்தை எவ்வளவு இறுக்கி வைத்தாலும், கண்ணுக்குப் புலப்படாத மேடு பள்ளங்களின் வழியே எண்ணெய் ஊர்ந்து வெளியேறிவிடும். ஆகவே அசையாத இரண்டு பாகங்களின் நடுவே கார்க்கு, காகிதம், ரப்பர் முதலியவற்றாலான கேஸ்கெட்டை, நம் ஊர்ப் பட்டறைக்காரர் பேக்கிங் என்று கேட்டு வாங்கும் பொருளை, வைத்து நசுக்குகிறார்கள். சுழலும் கிராங்க் ஷாஃப்ட் யந்திரத்தின் சுவரைக் கடந்து வெளிவரும் இரண்டு இடங்களில், முன்புறத்திலும் பின்புறத்திலும், இந்த உபாயம் பலிக்காது. நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழலும் தண்டை நசுக்கிப் பிடிப்பது எப்படி? அங்கே ஆயில் சீல் வேண்டும். மெல்லிய ரப்பர் உதடு ஒன்று தண்டை மிருதுவாகத் தழுவி நிற்கிறது. உதட்டுக்கும் தண்டுக்கும் இடையே அதிசூக்ஷ்மமான எண்ணெய்ப் படலம் ஒன்று எப்போதும் தங்கி, உதடு உராய்ந்து கருகாமல் காக்கிறது.

ஆதியில் இந்த ஸ்தானத்தில் இருந்தவை தோல் வளையங்களும், கிராஃபைட் ஊட்டிய கல்நார்க் கயிறுகளுமே. ஜெர்மனியில் வைன்ஹைம் நகரத்தில் 1849-இல் தோல் பதனிடும் தொழிலைத் தொடங்கிய ஃப்ராய்டன்பெர்க் நிறுவனம், பிற்காலத்தில் யந்திரங்களுக்குத் தோல் சீல்களைச் செய்யப் புகுந்து, 1930-களில் செயற்கை ரப்பருக்கு மாறி, உலகப் பிரசித்தி பெற்றது. நைட்ரைல் எனப்படும் சாதாரண எண்ணெய் ரப்பர் சுமார் 100 டிகிரி உஷ்ணம் வரை நெடுநாள் தாங்கும். ட்யூபாண்ட் நிறுவனம் 1957-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த விட்டான் 200 டிகிரி வரையிலும் தாங்கும். பழைய வண்டியின் ரப்பர், ஆண்டுக்கணக்காகச் சூடேறியும் ஆறியும், நெகிழ்ச்சியை இழந்து கொம்புபோல் இறுகிவிடுகிறது; கார்க்கோ வற்றிச் சுருங்கி வெடிக்கிறது. தண்டையோ தகட்டையோ பின்பற்றி அசைய இயலாத பொருள் எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது எங்ஙனம்?

ஒழுகுகிறது என்று தெரிந்தவுடனே ஸ்பேனரை எடுப்பது விவேகமாகாது. ஓட்டு வீட்டில் மழைநீர் சொட்டும் இடம் ஒன்றாகவும் ஓடு உடைந்த இடம் வேறாகவும் இருப்பதுபோலவே யந்திரத்திலும் நேர்கிறது. எண்ணெய் தன் பாரத்தால் கீழே இறங்குவதோடு, வண்டி ஓடும்போது விசிறியும் எதிர்க்காற்றும் தள்ளுவதால் பின்னேயும் செல்கிறது. யந்திரமும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடியிலிருந்து சொட்டினால், கிராங்க் ஷாஃப்டின் பின்புற சீல்தான் போய்விட்டது என்று மெக்கானிக் ஒருவர் தீர்ப்புக் கூறிவிடுவது சகஜம். ஆனால் ஷெவர்லே யந்திரத்தில் டிஸ்ட்ரிபியூட்டரும், எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சென்டரும், இன்டேக் மேனிபோல்டின் பின்விளிம்பும், டேப்பட் கவர்களின் பின்மூலைகளும் அந்த இடத்துக்கு நேர்மேலே அமைந்திருக்கின்றன. அவற்றுள் எது கசிந்தாலும் எண்ணெய் பிளாக்கின் முதுகுப்புறமாக வழிந்து அதே துளியாகத்தான் விழும். சில டாலர் பெறும் சென்டர் ஒன்றின் குற்றத்துக்காக கியர்பாக்ஸை இறக்கிய கதைகள் பட்டறைகளில் அபூர்வமல்ல.

ஆகையால் முதற்காரியம் சுத்தம். எண்ணெயும் புழுதியும் கெட்டித்துப் படிந்த யந்திரத்தை, அழுக்கை அகற்றும் திரவத்தால் உலோகம் தெரியும் வரையில் கழுவி உலர்த்த வேண்டும். பிறகு, புற ஊதா ஒளியில் பிரகாசிக்கும் சாயத்தை எண்ணெயில் கலந்து வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிவந்து, அந்த ஒளியை வீசும் விளக்கைக் கொண்டு மேலிருந்து கீழாக நோக்கினால், பளிச்சிடும் பச்சைக் கோடு எந்த உச்சியில் தொடங்குகிறதோ அதுவே கசிவின் பிறப்பிடம். சாயம் கிடைக்காதவர்கள் சந்தேகத்துக்குரிய இடங்களில் முகப்பவுடரைத் தூவி, முதலில் நனையும் இடத்தைக் கண்டுகொள்ளலாம். சொட்டுவது யந்திர எண்ணெய்தானா என்பதையும் நிச்சயப்படுத்திக்கொள்வது அவசியம். தானியங்கி கியர்பாக்ஸின் எண்ணெய் சிவப்பாக இருக்கும்.

இடத்தைக் கண்ட பிறகும், இத்தனை காலம் ஒழுகாதது இப்போது ஏன் ஒழுகுகிறது என்ற கேள்வி மிஞ்சுகிறது. பிஸ்டன் வளையங்களைத் தாண்டிச் சிலிண்டரின் வாயு சிறிது எப்போதும் கிராங்க் அறைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். முற்காலத்தில் அதைக் குழாய் ஒன்றின் மூலம் வெளிக்காற்றில் விட்டுவந்தார்கள். கலிபோர்னியாவில் 1961-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து அதைத் திரும்பவும் யந்திரமே உறிஞ்சி எரிக்கும்படி அமைத்தார்கள். அந்த வழியைக் காப்பது, டேப்பட் கவரில் செருகப்பட்டிருக்கும் பி.சி.வி. வால்வு என்ற சிறு கருவி. அது பிசுபிசுத்து அடைபட்டால் உள்ளே வாயு திரண்டு, நல்ல நிலையிலுள்ள சீலின் வழியாகக்கூட எண்ணெயைப் புறந்தள்ளும். வால்வைக் கழற்றிக் காதருகே குலுக்கினால் உள்ளே கலகலவென்று சப்தம் கேட்க வேண்டும். யந்திரம் ஓடும்போது அதன் வாயில் விரலை வைத்தால் உறிஞ்சுவது தெரிய வேண்டும். இந்தப் பரிசோதனையைச் செய்யாமல் புதிய சீலைப் பொருத்தினால், பழைய வியாதி புதிய சீலையும் பற்றிக்கொள்ளும்.

செப்பனிடுவதை மேலிருந்து தொடங்குவதே கிரமம். டேப்பட் கவரில் ஒழுகல் கண்டால் போல்ட்டை இன்னும் இறுக்குவதுதான் மனித சுபாவம். அதுவே கெடுதலுக்கும் மூலம். சிலிண்டர் ஹெட்டின் போல்ட்டுகளை ஏறக்குறைய 88 நியூட்டன் மீட்டர் விசையில் முறுக்க வேண்டிய இதே யந்திரத்தில், விளிம்பில் போல்ட் உள்ள பழைய மாதிரித் தகட்டுக் கவருக்கு 5 நியூட்டன் மீட்டரே போதுமானது. அதற்கு மேல் முறுக்கினால் மெல்லிய தகடு போல்ட் துளையைச் சுற்றிக் குழிந்து, இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே வில்லாக எழும்பி, கேஸ்கெட்டை நசுக்க வேண்டிய இடத்தில் நசுக்காமல் விட்டுவிடும். கழற்றிய கவரைத் தட்டையான மேடையில் கவிழ்த்துப் பார்த்து, குழிந்த விளிம்புகளைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமன் செய்யாமல் புதிய கேஸ்கெட்டை வைப்பது வீண் செலவு.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டுவதில்தான் நேரத்தின் பெரும்பகுதி கழிகிறது. அதைக் கழிக்கவும் வேண்டும். சுழலும் உராய்வு வட்டுகளால் ஒரே நிமிஷத்தில் தேய்த்துவிடலாமே என்ற சபலம் எழும். ஆனால் அவற்றிலிருந்து உதிரும் கடினமான பொடி எண்ணெயோடு கலந்து பேரிங்குகளை அரித்துவிடும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே எச்சரித்திருக்கிறது. அக்காலத்துக் கேஸ்கெட்டுகள் சிலவற்றில் கல்நாரும் உண்டாதலால், உலரவிட்டுத் தேய்த்துத் தூசியைச் சுவாசிப்பது தேகத்துக்கும் ஹானி. நனைத்து, கைச்சுரண்டியால் நிதானமாக எடுப்பதே உத்தமம். இன்டேக் மேனிபோல்டின் முன்பின் விளிம்புகளுக்கென்று பெட்டியில் வரும் கார்க்கு அல்லது ரப்பர்ப் பட்டைகள், இறுக்கும்போது வழுக்கி வெளியே பிதுங்கும் இயல்புடையவை. அனுபவசாலிகள் பலர் அவற்றை ஒதுக்கிவிட்டு, காற்றின் ஈரத்தால் இறுகும் ஆர்.டி.வி. சிலிக்கோனைச் சுண்டுவிரலளவுகூடப் பருமனில்லாத ஒரே சீரான கோடாக இடுகிறார்கள். மிகுதியாக இட்டால், உள்ளே பிதுங்கியது துணுக்காக உடைந்து எண்ணெய் பம்பின் வடிகட்டியை அடைக்கக்கூடும்.

முன்புற சீலை மாற்றுவதற்கு, கிராங்க் ஷாஃப்டின் முனையிலுள்ள பாலன்சரைக் கழற்ற வேண்டும். நடுக்குடத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையே ரப்பர் ஊட்டிய அந்தச் சக்கரத்தை, குடத்திலுள்ள துளைகளில் திருகிப் பிடிக்கும் புல்லரால் இழுக்க வேண்டுமேயன்றி வெளிவளையத்தைக் கொக்கியிட்டு இழுத்தால் ரப்பர் பிய்ந்துவிடும். கழற்றியதும், சீல் தழுவியிருந்த பகுதியில் நகத்தை ஓட்டிப் பார்ப்பது நலம். எஃகைவிட எவ்வளவோ மிருதுவான ரப்பர், காலக்கிரமத்தில் எஃகையே அறுத்துப் பள்ளம் போட்டிருக்கும். நகம் அதில் தடுக்கினால், மெல்லிய எஃகு உறை ஒன்றை அதன்மேல் ஏற்றாமல் எந்தப் புதிய சீலும் பயன் தராது.

பின்புற சீலில் இரண்டு தலைமுறைகள் உண்டு. 1986 முதல் அது ஒரே முழு வளையமாதலால், கியர்பாக்ஸையும் ஃப்ளைவீலையும் இறக்கியே மாற்ற முடியும். 1985 வரை வந்தவற்றில் இரண்டு அரைவளையங்கள்; சம்பைக் கழற்றி, எண்ணெய் பம்ப் அமர்ந்திருக்கும் கடைசி பேரிங் மூடியை இறக்கினால் கீழ்ப்பாதி கைக்கு வந்துவிடும். மேல்பாதியை மெல்லிய பித்தளைக் கம்பியால் ஒரு முனையில் தட்டி, மறுமுனை தலைகாட்டியதும் பற்றியிழுக்கிறார்கள். புதியதை எண்ணெய் தடவி உள்ளே நழுவவிடும்போது, பிளாக்கின் கூரிய விளிம்பு அதன் முதுகை மயிரிழையளவு சீவிவிட்டாலும் அத்தனை பிரயாசையும் பாழாகும். இதற்காகவே பெட்டியோடு வரும் சிறு தகட்டை விளிம்பின்மேல் மறைப்பாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். உதடு எண்ணெய் இருக்கும் முன்திசையை நோக்க வேண்டும். இரண்டு பாதிகளும் சந்திக்கும் இடம், மூடியும் பிளாக்கும் சந்திக்கும் கோட்டில் விழாமல், சுமார் 10 மில்லி மீட்டர் விலகியிருப்பது சிலாக்கியம்.

எல்லாக் கசிவையும் நிறுத்தியே தீர வேண்டும் என்பது சாஸ்திரமல்ல. இருபது துளி சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு மில்லி லிட்டர். நிமிஷத்துக்கு ஒரு துளி வீதம் இரவும் பகலும் ஒழுகினால், இரண்டு வாரத்தில் ஒரு லிட்டர் போய்விடும். வடிகட்டியோடு சேர்த்து 4.7 லிட்டரே கொள்ளும் யந்திரத்துக்கு அது பெரிய நஷ்டம். சூடான எக்ஸாஸ்ட் குழாயின்மேல் விழும் எண்ணெய் தீப்பிடிக்கும் அபாயமுள்ளது; கிளச்சை நனைப்பது வண்டியையே நகரவிடாமல் செய்துவிடும். இவற்றைத் தள்ளிப்போடலாகாது. மாறாக, சம்பின் விளிம்பில் வேர்வைபோல் அரும்பி, மாதத்துக்கு ஓரிரு கரண்டிக்குமேல் குறையாத கசிவுக்கு, வாரந்தோறும் அளவுக் கம்பியை இழுத்துப் பார்ப்பதே போதுமான சிகிச்சை. என்றைக்காவது வேறு காரணத்துக்காக யந்திரத்தைத் திறக்கும்போது அந்தக் கேஸ்கெட்டையும் சேர்த்து மாற்றிக்கொண்டால், இரண்டு கூலி ஒரு கூலியாக முடியும்.