தேத்தண்ணியும் கடைவாய்ப் பல்லும்

ரிங்லெட் தோட்டத்து லயத்தில் எங்கள் காலைப் பசியாறல் டின் பால் கலந்த தேத்தண்ணியும் பிஸ்கட்டும்தான். மூன்றாம் ஆண்டு படிக்கும்போது என் கடைவாய்ப் பல் சொத்தையானது. “பால்பல்தானே, விழுந்து முளைக்கும்” என்றார் அம்மா. அது ஆறு வயதில் முளைத்த நிலைப்பல். பிடுங்கிய பிறகு முளைக்கவே இல்லை.

தேயிலைச் செடி மண்ணிலுள்ள ஃபுளோரைடை இலையில் சேர்த்து வைக்கும். பல்லைக் காக்கும் அந்தச் சத்து எங்கள் கோப்பையிலேயே இருந்தது. ஆனால் கூடவே இருந்த சீனி கிருமிகளுக்குத் தீனியானது. அவை விட்ட அமிலம் பல்லை அரித்தது.

மலேசியாவில் 1957-இல் ஜோகூர் பாருவில் குடிநீரில் ஃபுளோரைடு கலக்கத் தொடங்கினார்கள். மலை ஓடைத் தண்ணீர் குடித்த எங்கள் லயத்துக்கு அது எட்டவில்லை. இப்படிப்பட்ட இடங்களுக்கு ஏற்றது, பள்ளியில் வாய் கொப்பளிக்கும் முறை. 0.2 விழுக்காடு சோடியம் ஃபுளோரைடு கரைசலை வாரம் ஒருமுறை, ஒரு நிமிடம் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பிறகு அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது. ஆறு வயதுக்குக் கீழே வேண்டாம், விழுங்கிவிடுவார்கள். முறையாகச் செய்தால் நிலைப்பல் சொத்தை ஏறத்தாழ 27 விழுக்காடு குறைவதாக 2016-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது.

என் மகளுக்கு இப்போது ஆறு வயது. இனிப்புத் தேத்தண்ணியை நிறுத்திவிட்டேன். இரவில் ஃபுளோரைடு பற்பசை வைத்து நானே துலக்கிவிடுகிறேன். உங்கள் பிள்ளையையும் இன்றிரவு வாயைத் திறக்கச் சொல்லுங்கள். பால்பற்களுக்குப் பின்னால் புதிதாக ஒன்று எட்டிப் பார்க்கிறதா? அது ஆயுசுக்கும் வேண்டிய பல்.