அணி மாறினாலும் சுழல் மாறவில்லை: முரளி கார்த்திக்கின் பந்துவீச்சு வாழ்க்கை

அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் மட்டைக்காரரை நோக்கிப் பந்தெறிபவரைப் பிட்சர் என்பர். ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆட வேண்டியிருப்பதாலும், பந்தெறியும் தோளும் முழங்கையும் சீக்கிரம் தேய்ந்துவிடுவதாலும், அணிகளின் பிட்சர் தேடல் ஓய்வதேயில்லை. ஒரு வீரரின் ஒப்பந்தத்தையே இன்னோர் அணிக்கு மாற்றிக்கொடுக்க அங்கு விதி இருப்பதால், நட்சத்திரமாகவும் ஆகாமல், ஒதுக்கப்படவும் செய்யாமல், ஊர் மாறிக்கொண்டேயிருக்கும் பிட்சர்கள் பலர் உண்டு. அவர்களுள் ஒருவரான எட்வின் ஜாக்சன் 2003 முதல் 2019 வரை 14 அணிகளுக்கு ஆடினார்; அதைவிட அதிகமான அணிகளுக்கு ஆடியவர் எவரும் இல்லை. 2010 ஜூனில் அரிசோனா அணிக்காக 149 பந்துகள் எறிந்து, எதிரணியை ஒரு ஹிட்கூட அடிக்கவிடாமல் ஓர் ஆட்டத்தை முடித்துக்கொடுத்த அவரை, அடுத்த மாதமே அந்த அணி சிகாகோவுக்கு மாற்றிவிட்டது.

ஏழாயிரம்பண்ணை, சாத்தூர் பக்கத்துத் திடல்களில் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் போட்டிக்கு வெளியூர்ப் பந்துவீச்சாளரை இறக்கி ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வாழ்க்கை புதிதாகத் தோன்றாது. அதையே தொழிலாகக் கொண்டு பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்து நின்றவர், 1976 இல் சென்னையில் பிறந்த கிரிக்கெட் பந்துவீச்சாளர் முரளி கார்த்திக். தமிழ்நாட்டில் பிறந்தாலும் அவருடைய தாய் அணி ரயில்வே அணியே. ரயில்வே ஊழியர்களைக் கொண்டு அமையும் அந்த அணி 2001–02, 2004–05 பருவங்களில் ரஞ்சிக் கோப்பையை வென்றதில் அவருடைய பந்துவீச்சுக்குப் பெரும் பங்கு உண்டு. இந்தியாவில் ஆட்டமில்லாத கோடை மாதங்களில் இங்கிலாந்தின் மாவட்ட அணிகள் வெளிநாட்டு வீரர்களை அழைப்பது வழக்கமாதலால், லங்காஷயர், மிடில்செக்ஸ், சாமர்செட், சரே என நான்கு அணிகளுக்கு அவர் அடுத்தடுத்து ஆடினார். ஐ.பி.எல்லிலும் கொல்கத்தா, புனே, பெங்களூரு, பஞ்சாப் என அதே பயணம் தொடர்ந்தது.

எல்லா அணிகளும் அவரிடம் எதிர்பார்த்தது ஒரே வித்தையைத்தான். இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் பந்தின் தையலை விரல்களால் முறுக்கிவிடும்போது, அது தரையில் பட்டதும் வலக்கை மட்டையாளரின் மட்டையிலிருந்து விலகி ஸ்லிப் பக்கமாகத் திரும்பும். அதே கையசைவில் திரும்பாமல் நேரே பாயும் பந்தை 'ஆர்ம் பால்' என்பர். திரும்பும் என்று நம்பி மட்டையை வெளியே நீட்டியவரின் காலிலோ ஸ்டம்பிலோ அது போய்ப் படும். மும்பையின் ஈரமண்ணிலும் மான்செஸ்டரின் குளிரிலும் ஒன்றுபோல இதைச் செய்ய விரல்களில் அழியாத பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் கார்த்திக்கிடம் இருந்தது.

இந்திய அணியில் அவருக்குக் கிடைத்தவை 8 டெஸ்ட்களே. அனில் கும்ப்ளே, ஹர்பஜன் சிங் என்ற இருவர் நிலைபெற்றிருந்த காலத்தில் மூன்றாவது சுழலருக்கு இடம் அரிது என்பது உண்மைதான். ஆயினும் தேர்வாளர்கள் அவரை நடத்திய விதத்தை ஏற்க மனம் வரவில்லை. 2004 நவம்பரில் மும்பையில் ஆஸ்திரேலியாவை இந்தியா 13 ரன்னில் வென்ற டெஸ்டில் 7 விக்கெட் எடுத்து ஆட்டநாயகனான அவர், அதன்பின் ஆடியது அதே மாதம் கான்பூரில் நடந்த ஒரே ஒரு டெஸ்ட். அப்போது அவருக்கு வயது 28. 2007 அக்டோபரில் அதே மும்பையில், அதே ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் 27 ரன்னுக்கு 6 விக்கெட் சாய்த்தார்; பின்னர் 194 என்ற இலக்கைத் துரத்திய இந்தியா 8 விக்கெட்டுகளை இழந்து தடுமாறியபோது ஜாகிர் கானோடு நின்று ஆட்டமிழக்காமல் 21 ரன் அடித்து வெற்றியையும் தேடித்தந்தார். அடுத்த மாதத்தோடு அவருடைய ஒருநாள் வாழ்வும் முடிந்தது.

அவருக்கு முன்னும் இடக்கைச் சுழலர்களுக்கு இதே கதிதான். ரஞ்சியில் 637 விக்கெட் எடுத்த ராஜிந்தர் கோயலும், மும்பையின் பத்மாகர் சிவல்கரும், பிஷன் சிங் பேடியின் காலத்தில் ஆடியதால் ஒரு டெஸ்ட்கூட ஆடாமல் ஓய்ந்தார்கள். கார்த்திக்குக் குறைந்தபட்சம் கடல் கடந்தாவது பந்தும் சம்பளமும் கிடைத்தன. 2014 இல் ஓய்வு பெற்றபோது முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்திருந்த விக்கெட்டுகள் 644. அவற்றுள் டெஸ்டில் எடுத்தவை 24 மட்டுமே, மற்றவற்றுள் பெரும்பாலானவை உள்ளூர், மாவட்டத் திடல்களில் எடுத்தவை.