ரெயில் யார்டில் ஷண்டிங் இஞ்சின்

விரைவு வண்டி ஒன்று நில்லாமல் நிலையத்தைக் கடந்து செல்லும்போது, மேடையிலிருப்போர் அனைவரும் தலையைத் திருப்பிப் பார்க்கிறோம். அதே வேளையில், நாலைந்து தண்டவாளங்களுக்கு அப்பால், சிறிய இஞ்சின் ஒன்று இரண்டு மூன்று பெட்டிகளை இழுத்து வரும், நிற்கும், பின்னுக்குத் தள்ளும், ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றோடு திரும்பி வரும், மறுபடியும் நிற்கும். அதனை ஒருவரும் நோக்குவதில்லை. ஏதோ வழி தவறி அலைவதைப் போன்ற தோற்றம் அதற்கு உண்டு. உண்மையில் அது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. மாணவ நண்பர்களே, அந்தக் கணக்கு எத்தகையது, அதனைப் போடுவோர் யாவர், அதனை ஒரு விளையாட்டாகவும் நாம் எவ்வாறு துய்க்கலாம் என்பனவே இன்று நாம் பேசப் புகும் பொருள்.

ரெயிலைப் பற்றிப் பேச இராணிப்பேட்டைக்காரனுக்குச் சிறிது உரிமை உண்டு. தென்னாட்டின் முதல் பயணிகள் வண்டி சென்னை ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்ற இடம், எங்கள் ஊருக்கு அருகிலுள்ள வாலாஜா ரோடு நிலையம். அது நிகழ்ந்த நாள் 1856ஆம் ஆண்டு ஜூலை 1. அன்று அப்பாதையை அமைத்தது மதராஸ் ரெயில்வே என்னும் கம்பெனி. பின்னர் அது மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரெயில்வேயில் இணைந்தது. 1951 ஏப்ரல் 14 முதல் தென்னக ரெயில்வே ஆயிற்று. பாதை நீண்டு ஜோலார்ப்பேட்டையை அடைந்தபின், ஒரு கிளை பெங்களூருக்கும் மற்றொன்று சேலத்துக்குமாகப் பிரிந்தது. இந்தப் பாதையின் இரு மருங்கிலுந்தான் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்னும் தோல் பதனிடும் ஊர்கள் தழைத்தன.

இனிக் கணக்குக்கு வருவோம். ஜோலார்ப்பேட்டையிலிருந்து சென்னை நோக்கிப் புறப்படும் பழைய நாளைய சரக்கு வண்டி ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். அதில் வாணியம்பாடிக்கு ஒரு பெட்டி, ஆம்பூருக்கு ஒன்று, குடியாத்தத்துக்கு ஒன்று, காட்பாடிக்கு ஒன்று, வாலாஜா ரோட்டுக்கு ஒன்று என வைத்துக்கொள்வோம். இவை எந்த வரிசையில் நிற்க வேண்டும்? வழியில் முதலில் வருவது வாணியம்பாடி. ஆகவே அவ்வூர்ப் பெட்டி இஞ்சினை அடுத்து நிற்குமாயின், அங்கே போய்ச் சேர்ந்ததும் அதற்குப் பின்னுள்ள கொக்கியைக் கழற்றி, அந்த ஒரு பெட்டியோடு மட்டும் இஞ்சின் முன்னே சென்று சைடிங்கில் தள்ளிவிட்டுத் திரும்பலாம். சில நிமிட வேலை. அதே பெட்டி நடுவில் அகப்பட்டுக்கொண்டதாயின், முன்னால் நிற்பவற்றையெல்லாம் இழுத்துக்கொண்டு போய், அதனை மட்டும் விட்டு, மற்றவற்றை மீட்டுக்கொண்டு வர வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் இவ்வாறு நேர்ந்தால், பின்னால் வரும் வண்டிகள் எத்தனை காத்துக்கிடக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆகையால்தான் புறப்படும் இடத்திலேயே பெட்டிகளை ஊர் முறையாக அடுக்கிவிடுகிறார்கள். அந்த அடுக்கும் வேலைக்கே ஷண்டிங் என்று பெயர்.

இதைக் கேட்ட அளவில் எளிதாகத் தோன்றும். மூன்றே பெட்டிகளை வைத்துச் சோதித்துப் பார்ப்போம். முதல் சைடிங்கில் இஞ்சினை அடுத்து அ, அதன்பின் ஆ, அதன்பின் இ நிற்கின்றன. நமக்கு வேண்டியதோ தலைகீழ் வரிசை: இஞ்சினை அடுத்து இ, பிறகு ஆ, கடைசியில் அ. அவசரக்காரர் என்ன செய்வார்? மூன்றையும் ஒருசேர வெளியே இழுப்பார். இரண்டாம் சைடிங்கில் இ-யை விடுவார். மூன்றாவதில் ஆ-வை விடுவார். முதலாவதில் அ-வை விடுவார். பிறகு போய் ஆ-வைக் கொணர்ந்து அ-வோடு கோப்பார். மறுபடி போய் இ-யைக் கொணர்வார். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் தனித்தனியே எண்ணினால் பதினான்கு நகர்வுகள். நிதானக்காரர் அ-வை மட்டும் இழுத்து இரண்டாம் சைடிங்கில் விடுவார். வெறும் இஞ்சினாகத் திரும்பி வந்து ஆ-வை எடுத்துச் சென்று அதனோடு கோப்பார். மீண்டும் வந்து இ-யை எடுத்துச் சென்று கோப்பார். பத்தே நகர்வுகள், மூன்றாம் சைடிங்கே வேண்டுவதில்லை. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். மிச்சமான நான்கு நகர்வுகளும் எரிபொருள், நேரம், எல்லாவற்றினும் மேலாக, பெட்டிகளுக்கு இடையே மனிதன் புகுந்து வர வேண்டிய தடவைகள்.

அந்த மனிதரைப் பற்றிச் சிறிது கூறாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குப் பாயிண்ட்ஸ்மன் என்று பெயர். பாதையை மாற்றிவிடுவதும், கொக்கியை மாட்டுவதும் கழற்றுவதும், டிரைவருக்குச் சைகை காட்டுவதும் அவர் வேலை. பழைய வகைப் பெட்டிகளுக்கு நடுவில் திருகுச் சங்கிலியும் இரு புறத்தும் பஃபர் என்னும் முட்டுத் தண்டுகளும் இருக்கும். சங்கிலியை மாட்டுவதற்கு அவர் குனிந்து இரு பெட்டிகளுக்கும் இடையே நுழைய வேண்டும். இஞ்சின் ஒரு சாண் தவறி நகர்ந்தாலும் அவர் கதி என்னவாகும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. என் பழைய மாணாக்கர் ஒருவர் இவ்வேலையில் பல ஆண்டு இருந்தார். மழை இரவுகளில் கண்ணைக் காட்டிலும் காதையே தாம் நம்பியதாக அவர் கூறுவார். பெட்டிகளின் கொக்கிகளுக்கிடையே சிறிது தளர்ச்சி உண்டு. ஆகவே இஞ்சின் நகரத் தொடங்கியதும் எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் அசைவதில்லை. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று ஒன்றன்பின் ஒன்றாக அவ்வசைவு ஓடிவரும். அந்த ‘டணக், டணக்’ ஓசை தம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதைக் கேட்டே அவர் நின்ற இடத்தை முடிவு செய்வாராம். இக்காலத்துப் பெட்டிகள் பெரும்பாலானவற்றில், ஒன்றோடொன்று மோதியவுடன் தாமே பூட்டிக்கொள்ளும் நடுக்கொக்கி அமைந்திருக்கிறது. கைவிரல்களைப் போல் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இரும்பு அது. இந்த மாறுதல் எத்தனை கைகால்களைக் காத்திருக்கும்! எனினும், பிரேக்குக் குழாய்களை இணைப்பதற்கு இன்றும் ஒருவர் குனியத்தான் வேண்டியிருக்கிறது.

டிரைவரும் பாயிண்ட்ஸ்மனும் பேசிக்கொள்ளும் மொழி கைமொழி. பச்சைக் கொடியை மேலும் கீழுமாக மெல்ல அசைத்தால் ‘என்னைவிட்டு விலகிப் போ’ என்று பொருள். உடலுக்குக் குறுக்கே பக்கவாட்டில் அசைத்தால் ‘என்னை நோக்கி வா’ என்பது. கோப்பதற்காக மிக மெதுவாக வர வேண்டுமாயின், பச்சையும் சிவப்புமாகிய இரு கொடிகளையும் தலைக்கு மேலே உயர்த்திப் பிடிப்பர். இரவில் கொடியின் இடத்தை விளக்கு எடுத்துக்கொள்ளும். ஷண்டிங்கின்போது வேகம் மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என்பது பொது விதி. வெடிமருந்தும் பெட்ரோலியமும் ஏற்றிய பெட்டிகளுக்கு 8 கிலோமீட்டரே எல்லை. இஞ்சினால் ஓர் உந்து உந்திப் பெட்டியைத் தானே ஓடவிடும் முறையும் உண்டு. அதற்கு லூஸ் ஷண்டிங் என்று பெயர். பயணிகள் பெட்டியின் மீது ‘லூஸ் ஷண்டிங் செய்யாதீர்’ என்ற பொருள்பட எழுதியிருப்பதை இனி நிலையத்துக்குப் போகும்போது தேடிப் பாருங்கள்.

இவ்வேலைக்குத் தனி இஞ்சின் எதற்கு? விரைவு வண்டியின் இஞ்சினையே இதற்கும் ஏவினால் என்ன? இங்கே பௌதிகம் நமக்குத் துணை வருகிறது. அறுபது டன் எடையும் 700 குதிரைத்திறனும் உடைய இஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரும்புச் சக்கரத்துக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் இடையேயுள்ள உராய்வு, எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. ஆகவே சக்கரம் வழுக்காமல் அந்த இஞ்சின் இழுக்கக்கூடிய விசை பதினைந்து டன். சமதரையில் ஒரு டன் சரக்கை நகர்த்துவதற்குச் சில கிலோகிராம் இழுவிசையே போதுமாதலால், பதினைந்து டன் விசை ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட வரிசையையும் அசைத்துவிடும். சக்தி என்பது விசையை வேகத்தால் பெருக்கி வருவது. 700 குதிரைத்திறனைப் பதினைந்து டன் விசையால் வகுத்தால், வழியில் ஏற்படும் இழப்புகளை நீக்கிப் பார்க்கையில், மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர் வேகம் கிடைக்கிறது. விதி கூறும் 15 கிலோமீட்டருக்கு இது எவ்வளவு அண்மையில் இருக்கிறது, பாருங்கள்! அதே இஞ்சினை மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓட்டப் புகுந்தால் அதற்கு மிஞ்சும் இழுவிசை இரண்டு டன்கூட இராது. மாட்டு வண்டிக்குரிய காளையைப் பந்தயத்தில் விடுவது போலாகும் அது.

இஞ்சின்களின் பெயரைப் படிக்கவும் மாணவர் கற்றுக்கொள்ளலாம். டபிள்யூ என்பது அகலப் பாதை. ஒய் என்பது மீட்டர் பாதை. அடுத்த எழுத்து டி என்றால் டீசல், ஏ என்றால் மாறுதிசை மின்சாரம். மூன்றாம் எழுத்து வேலையைக் குறிப்பது: பி பயணிகள் வண்டிக்கு, ஜி சரக்கு வண்டிக்கு, எம் இரண்டுக்கும், எஸ் ஷண்டிங்குக்கு. ஆகவே டபிள்யூ.டி.எஸ்.-4 என்பது அகலப் பாதையில் ஓடும் டீசல் ஷண்டிங் இஞ்சின். 1960களின் பிற்பகுதியிலிருந்து சித்தரஞ்சன் தொழிற்சாலை இவ்வகையைக் கட்டியது. இதில் ஓர் அழகு உண்டு. நீராவி இஞ்சினில் இருப்பதைப் போலவே இதன் சக்கரங்களை ஒரு நீண்ட தண்டு பிணைத்திருக்கும். இஞ்சின் ஊர்ந்து செல்லும்போது அத்தண்டு மேலெழுந்து கீழிறங்குவதைக் காணலாம். நீராவி ஓய்ந்துபோன 1990களுக்குப் பின் பிறந்த உங்களுக்கு அக்காட்சி அருமையானது. பின்னர் 1,400 குதிரைத்திறன் உள்ள டபிள்யூ.டி.எஸ்.-6 வந்தது. இப்போது, பெருவழியில் ஓடி மூப்படைந்த பெரிய டீசல் இஞ்சின்களையும் யார்டு வேலைக்கு இறக்கிவிடுகிறார்கள். பென்ஷன் வாங்கியவனைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல அழைப்பதைப் போன்றது இது. எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை.

ஆனால் ஷண்டிங் குறைந்துகொண்டே வருகிறது. அதன் காரணத்தை அறிவது நம் வட்டாரத்தாருக்கு மிகவும் இன்றியமையாதது. முற்காலத்தில் ஒரு வியாபாரி ஒரே ஒரு பெட்டியைப் பதிவு செய்து தம் சரக்கை அனுப்பலாம். ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோலைச் சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்ப விரும்பிய சிறு முதலாளிக்கு அதுவே ஏற்ற அளவு. அந்த ஒற்றைப் பெட்டியைச் சேர்த்தும் பிரித்தும் ஊர் சேர்ப்பதற்கே அத்தனை யார்டுகளும் இருந்தன. காட்பாடியில் அகலப் பாதையும் மீட்டர் பாதையும் சந்தித்த காலத்தில், ஒரு வண்டிச் சரக்கை இறக்கி மற்றொன்றில் ஏற்ற வேண்டிய தொல்லையும் இருந்தது. விழுப்புரம் பாதை அகலமாக்கப்பெற்று 2010இல் அது முற்றும் தீர்ந்தது. இவ்வாறு யார்டு யார்டாக நின்று சென்றதால் பெட்டி நகர்ந்த நேரத்தைக் காட்டிலும் கிடந்த நேரமே மிகுதியாயிற்று. 1980களில் ரெயில்வே நிர்வாகம் ஒற்றைப் பெட்டிப் பதிவுகளைக் கைவிட்டு, முழு வண்டியாகவே ஏற்றி முழு வண்டியாகவே இறக்கும் முறைக்குத் திரும்பியது. நிலக்கரிக்கும் சிமெண்டுக்கும் உணவு தானியத்துக்கும் அது பெரும் நன்மை. நாட்டின் மின்சாரமே அதனால் தடையின்றிக் கிடைத்தது எனலாம். ஒரு முழு வண்டித் தோலை எந்தச் சிறு முதலாளி சேர்ப்பார்? அவர் லாரியை நாடினார். ஊர்ச் சைடிங்குகளில் புல் முளைத்தது. நெடுஞ்சாலையில் இன்று நெருங்கிச் செல்லும் லாரிகளில் ஒரு பகுதி, அன்று ஜோலார்ப்பேட்டை யார்டில் அடுக்கப்பட்டிருக்கக்கூடிய சரக்கே. ரெயில்வே செய்தது தவறு என்று நான் கூறவில்லை. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர் யார் என்பதையும் கணக்கில் எழுதத்தானே வேண்டும்?

பயணிகள் வண்டியிலும் இதே போக்குத்தான். இரு முனையிலும் ஓட்டும் அறையுள்ள மின்சார ரெயிலுக்கும் வந்தே பாரத் வண்டிக்கும் இஞ்சினை முன்னும் பின்னும் மாற்றும் வேலையே இல்லை. ஆயினும் சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்படும் மற்ற வண்டிகளின் பெட்டி வரிசையைப் பேஸின் பிரிட்ஜ் யார்டிலிருந்து மேடைக்குக் கொண்டுவர ஓர் இஞ்சின் வேண்டியிருக்கிறது. 2020இல் ஜபல்பூரில் மின்கலத்தின் உதவியாலும் ஓடக்கூடிய ஷண்டிங் இஞ்சின் ஒன்றை உருவாக்கினார்கள். அதற்கு நவதூத் என்று பெயர். மேலே மின்கம்பி இல்லாத சைடிங்கிலும் அது புகையின்றிப் புகும்.

இனி விளையாட்டு. மேல்நாடுகளில் பெரியவர்களே வீட்டில் ரெயில் மாதிரிகள் அமைத்து மகிழ்கிறார்கள். அவற்றுள் பரவலான ஓர் அளவு 87இல் ஒரு பங்கு. அதன் பாதை 16.5 மில்லிமீட்டர் அகலம். நம் அகலப் பாதையாகிய 1,676 மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் 19.3 வருமாதலின், கடையில் கிடைக்கும் பாதையில் நம் நாட்டு இஞ்சினைச் செய்து ஓட்டினால் கால் சற்றே ஒடுங்கியிருக்கும். விரைவு வண்டி மாதிரி வட்டமாகச் சுற்றிச் சுற்றி வரும். சிறிது நேரத்தில் அலுத்துவிடும். ஷண்டிங் மாதிரிக்கோ ஒரு பலகை போதும், அலுப்பும் தோன்றாது. இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்பவர் அமைத்த ‘இங்கிள்நூக்’ என்னும் புதிர் புகழ்பெற்றது. மூன்று சைடிங்குகள்: ஒன்றில் ஐந்து பெட்டிகளும், மற்ற இரண்டில் மும்மூன்றும் கொள்ளும். இஞ்சின் முன்னும் பின்னும் போய்வரும் தலைப்பாதையில் இஞ்சினோடு மூன்று பெட்டிகளுக்கே இடம் உண்டு. மொத்தப் பெட்டிகள் எட்டு. சீட்டுக் குலுக்கி ஐந்தைத் தேர்ந்து, வந்த முறையிலேயே அவற்றை நீளமான சைடிங்கில் அடுக்க வேண்டும். எட்டிலிருந்து ஐந்தை வரிசையாகத் தேரும் வகைகள் 8 × 7 × 6 × 5 × 4, அதாவது 6,720. நாள்தோறும் ஒன்றாக ஆடினாலும் பதினெட்டு ஆண்டுகளுக்குக் குறையாது.

இதற்குப் பணம் வேண்டா. குடியாத்தத்தில் தீப்பெட்டிக்குக் குறைவா? எட்டு வெறும் தீப்பெட்டிகளில் எட்டு ஊர்ப் பெயர்களை எழுதுங்கள். சுண்ணக்கட்டியால் தரையில் பாதை வரையுங்கள். ஒருவர் டிரைவர், ஒருவர் பாயிண்ட்ஸ்மன், ஒருவர் நகர்வுகளை எண்ணுபவர். தள்ளுவது கை, கட்டளையோ கொடியசைவால் மட்டுமே வர வேண்டும், வாய் திறக்கக் கூடாது. உண்மை யார்டைப் பார்க்க விரும்பினால் அரக்கோணத்திலோ ஜோலார்ப்பேட்டையிலோ மேம்பாலத்தில் நின்று பாருங்கள். தண்டவாளத்தில் இறங்குவது சட்டப்படி குற்றம், உயிருக்கும் கேடு. மேலிருந்து நோக்கும்போது, அடுத்துப் போகவேண்டிய சைடிங் எது என்று இஞ்சின் நகர்வதற்கு முன்னரே உங்கள் தோழரிடம் சொல்லிப் பாருங்கள். பத்தில் ஆறு தடவை சரியாகச் சொல்லிவிட்டால், எட்டுத் தீப்பெட்டியைப் பன்னிரண்டாக்கிக் கொள்ளலாம்.