சம்பூருக்கு வராத புகைபோக்கி

நிலக்கரி மின் நிலையம் கட்ட வருகிறவர்கள் எந்த நாட்டிலும் ஓர் எண்ணைக் கையோடு கொண்டுவருவார்கள். 99.5 வீதம் என்பார்கள், 99.8 என்பார்கள், சிலர் 99.9 வரை போவார்கள். புகைபோக்கி வழியே வெளியேறப் பார்க்கும் தூசில் அத்தனை பங்கை மின்சாரத்தைக் கொண்டே பிடித்துவிடுவோம் என்று அர்த்தம். அதில் பொய்யில்லை. நூறாண்டுக்கு மேல் பழகிய நல்ல கருவி அது. ஆனால், திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக்குடாவின் கரையிலுள்ள சம்பூரில் ஒரு நிலக்கரி மின் நிலையத்தை எதிர்த்த மக்களின் கவலையில் எவ்வளவு பங்கு அந்தக் கருவிக்குள் அடங்கியது என்று கேட்டால், கணக்கு வேறு மாதிரிப் போகும்.

திருகோணமலைக்கு நிலக்கரி புதிதல்ல. நீராவிக் கப்பல்களின் காலத்தில் பிரித்தானியக் கடற்படை இங்கே கரி ஏற்றியது. கப்பல்கள் எண்ணெய்க்கு மாறியபோது சீனக்குடாவில் எண்ணெய்க் குதங்கள் எழும்பின. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் வந்து அவற்றில் ஒன்றை அழித்தன. இன்று 99 குதங்கள் நிற்கின்றன, அவற்றைப் பற்றிய ஒப்பந்தப் பேச்சுகளும் ஓய்ந்தபாடில்லை. ஆழமான இயற்கைத் துறைமுகம் என்பதால் பெரிய கரிக்கப்பலை நேரே கொண்டுவரலாம் என்ற ஆசை திட்டமிடுவோரை விடவேயில்லை. 1980களிலேயே இங்கு நிலக்கரி மின் நிலையம் பற்றிய பேச்சு எழுந்தது. எதிர்ப்பும் உள்நாட்டுப் போரும் அதைத் தள்ளிப்போட, நாட்டின் முதல் நிலக்கரி மின் நிலையம் கடைசியில் மேற்குக் கரைக்கு, புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலைக்குப் போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது தடவை நிலக்கரித் திட்டம் சம்பூரைத் தேடி வந்தது. வந்த வேளையைக் கவனிக்க வேண்டும். 2006 ஏப்ரலில் தொடங்கிய தாக்குதல்களில் சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். செப்டம்பர் 4ஆம் திகதி படையினர் சம்பூரைக் கைப்பற்றினர். அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும், அதாவது என்.டி.பி.சி.யும், புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2007 மே மாதம் மூதூர் கிழக்கும் சம்பூரும் உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் வந்தன. ஊர் மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் கிடக்க, அவர்களுடைய காணியின் மேல் தலா 250 மெகாவாட் கொண்ட இரண்டு அலகுகளின் வரைபடம் விரிந்தது. 2011இல் இரு தரப்பின் கூட்டு நிறுவனமாகத் திருகோணமலை மின் கம்பனி பதிவானது. 2013 ஒக்டோபரில் மின் கொள்வனவு ஒப்பந்தம் உட்படப் பலவும் கையெழுத்தாயின.

இனி அந்தக் கருவிக்கு வருவோம். பொறியியலாளர்கள் இ.எஸ்.பி. என்று சுருக்கிச் சொல்வார்கள். நிலைமின் வீழ்படிவாக்கி என்பது முழுப்பெயர். கொதிகலனுக்கும் புகைபோக்கிக்கும் இடையில் பல மாடிக் கட்டடம் அளவுக்கு நிற்கும் இரும்புப் பெட்டி அது. உள்ளே பத்துப் பதினைந்து மீட்டர் உயரத் தகடுகள் வரிசை வரிசையாகத் தொங்கும். இரு தகடுகளுக்கு நடுவே, இரண்டையும் தொடாமல், மெல்லிய கம்பிகள். தகடுகள் நிலத்தோடு இணைந்திருக்கும். கம்பிகளில் நாற்பதாயிரம் முதல் எழுபதாயிரம் வோல்ட் வரையான எதிர் மின்னழுத்தம் ஏறியிருக்கும். அந்த அழுத்தத்தில் கம்பியைச் சுற்றியுள்ள காற்று உடைந்து மங்கலாக ஒளிரும். அங்கிருந்து கிளம்பும் இலத்திரன்கள் வாயு மூலக்கூறுகளில் ஒட்டி அயன்களாகின்றன, அயன்கள் சாம்பல் துகள்களில் ஏறிக்கொள்கின்றன, ஏற்றம் பெற்ற துகள் தகட்டை நோக்கி இழுபடுகிறது. குழாய்களில் விரைந்து வந்த புகை இந்தப் பெட்டிக்குள் நடக்கும் வேகத்துக்கு, செக்கனுக்கு ஒரு மீட்டர் அளவுக்கு, அடங்கிவிடும். துகள் தகட்டுக்குப் போய்ச்சேர அவகாசம் வேண்டுமே! தகட்டில் தூசு தடித்ததும், பாயைத் தட்டித் தூசு உதறுவது போல, சுத்தியல்கள் தட்டி விழுத்தும். கீழே கூம்புத் தொட்டிகள் ஏந்திக்கொள்ளும்.

இதில் எனக்குப் பிடித்தது சிக்கனம். வடிதுணி வைத்தால் முழுப் புகையையும் அதன் வழியாகத் தள்ள வேண்டும். பெரிய விசிறிகள் தேவை. இங்கே மின்விசை துகளை மட்டும்தான் பிடித்து இழுக்கிறது. புகை தன் பாட்டில் போகலாம்.

யோசனை பழையது. 1824இல் லைப்சிக் நகரத்து ஆசிரியர் ஹோல்ஃபெல்ட், போத்தலுக்குள் அடைத்த புகை மின்னேற்றிய கம்பியால் தெளிவதைக் காட்டினார். அறுபது ஆண்டு கழித்து ஆலிவர் லாட்ஜ் அதைத் திரும்பக் கண்டுபிடித்து, 1885இல் வேல்சில் ஓர் ஈய உருக்காலையில் பொருத்திப் பார்த்தார். கைகொடுக்கவில்லை. அன்று இருந்த சுழல் கண்ணாடி மின்பொறியால் அவ்வளவு அழுத்தத்தை ஓயாமல் தர முடியவில்லை. ஈயப் புகையும் பிடிக்கச் சிரமமான சரக்கு. கலிபோர்னியாவில் பிரடரிக் காட்ரல் 1907ஐ ஒட்டிக் கந்தக அமில ஆவியைப் பிடிக்க முயன்றபோதுதான் காரியம் ஆனது. வழவழப்பான கம்பியைவிடப் பஞ்சிழை சுற்றிய கம்பி ஏற்றத்தை நன்றாகக் கக்குவதை அவர் கவனித்தார். காப்புரிமையில் வந்த பணத்தைத் தான் வைத்துக்கொள்ளாமல், ஆராய்ச்சிக்கு உதவவென 1912இல் ஓர் அமைப்பை உண்டாக்கினார். பின்னாளில் கொடார்டின் ரொக்கட் ஆராய்ச்சிக்கும் லோரன்சின் சைக்கிளோட்ரனுக்கும் அந்த அமைப்பின் பணம் போயிருக்கிறது. நிலக்கரி மின் நிலையத்துக்குக் கருவி வந்தது 1923இல், டிட்ரொயிட் பக்கத்தில்.

இப்போது ஒரு முரண். புகை என்றதும் நாம் நினைப்பது கறுப்புப் புகைக்கரியை. இந்தக் கருவிக்கு அவ்வளவு பிடிக்காததும் அதுதான். கரி மின்னைக் கடத்தும். தகட்டைத் தொட்டதும் தன் ஏற்றத்தைச் சட்டென்று விட்டுவிட்டு மறுபடி புகையோடு கிளம்பிவிடும். கரியைத் தடுக்க அடுப்பு நன்றாக எரிய வேண்டும், வேறு வழியில்லை. கருவி திறமையாகப் பிடிப்பது மிச்சமான சாம்பற் தூளை. அதிலும் சாம்பல் மின்னை அளவுக்கு மீறித் தடுத்தால் தொல்லை. ஏற்றம் தகட்டுக்குள் வடியாமல் தூசுப் படலத்தில் தேங்கி, கடைசியில் அந்தப் படலமே எதிர்ப்பக்கமாகப் பொறிவிடும்.

இந்திய நிலக்கரியின் வில்லங்கம் இதுதான். கந்தகம் குறைவு, காற்றுக்கு அது நல்லது. ஆனால் எரியும்போது உண்டாகும் கொஞ்சக் கந்தக மூவொட்சைட்டுதான் சாம்பலின் மேல் படிந்து அதைச் சற்றே கடத்த வைக்கும். அது இல்லாவிட்டால் கருவி திணறும். போதாக்குறைக்கு, அங்கத்தைய நிலக்கரியில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் சாம்பலாக இருப்பது சாதாரணம். ஆகவே அங்கே கருவியைப் பெரிதாகக் கட்டுகிறார்கள். சில இடங்களில் புகைக்குள் அமோனியாவையோ கந்தக மூவொட்சைட்டையோ வேண்டுமென்றே விடுகிறார்கள். இந்தக் கருவிகளைச் செய்யும் பெரிய ஆலைகளில் ஒன்று தமிழ்நாட்டில், இராணிப்பேட்டையில், பெல் நிறுவனத்துடையது. நாடெங்கும் புகைபோக்கியைச் சுத்தப்படுத்தக் கருவி செய்து அனுப்பும் அதே ஊரில், மூடிப்போன குரோமேட் தொழிற்சாலை ஒன்று விட்டுச்சென்ற குரோமியக் கழிவு ஒன்றரை இலட்சம் தொன் அளவில் குவிந்து நிலத்தடி நீரைக் கெடுத்ததும் நடந்தது.

எண்ணுக்குத் திரும்புவோம். பெட்டிக்குள் நான்கு அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதாகவும், ஒவ்வோர் அறையும் தன்னிடம் வரும் தூசில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடிப்பதாகவும் வைத்துக்கொள்வோம். நான்கையும் கடந்து தப்புவது 0.16 வீதம், பிடிபட்டது 99.84. ஒரு நாள் ஓர் அறையில் கம்பி அறுந்து மின் நின்றுவிட்டது என்றால் பிடிபடுவது 99.2 வீதமாகும். காகிதத்தில் பார்த்தால் அரை வீதத்துச் சொச்சக் குறைவு, யாரும் கணக்கெடுக்க மாட்டார்கள். புகைபோக்கிக்கு வெளியே நிற்பவனுக்கோ தூசு ஐந்து மடங்கு. பிடித்த வீதத்தைச் சொல்கிறவர்களிடம் தப்பிய தொன்னைக் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சம்பூருக்கே கணக்குப் போடலாம். 500 மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 12 இலட்சம் தொன் நிலக்கரி. பத்து வீதம் சாம்பல், அதில் ஐந்தில் நான்கு புகையோடு பறக்கும் என்று கொண்டால் 96,000 தொன். 99.9 வீதம் பிடித்தால் 96 தொன் தப்பும், 99.5 என்றால் 480 தொன். தப்புவதில் நுரையீரலின் ஆழம்வரை போகும் மிக நுண்ணிய துகள்களின் பங்கு பிடிபட்டதில் உள்ளதைவிடக் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த அந்த அளவுத் துகள்களில்தான் ஏற்றம் சரியாக ஏறுவதில்லை. கந்தக ஈரொட்சைட்டு, நைதரசன் ஒட்சைட்டுகள், இரச ஆவி போன்றவற்றை இந்தப் பெட்டி கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

இன்னொன்று. கொதிகலனை மூட்டும்போது எண்ணெய் ஊற்றி எரிப்பார்கள். எரியாத எண்ணெய் தகட்டில் ஒட்டினால் தீப்பிடிக்கும் என்பதால், நிலக்கரிச் சுவாலை நிலைக்கும்வரை கருவியின் மின்னழுத்தத்தை ஏற்றாமல் விடுவது பொதுவான வழக்கம். ஆக, ஒரு நிலையம் எத்தனை தடவை நின்று மூட்டப்படுகிறதோ அத்தனை தடவை வடிகட்டாத புகை. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் நாடே இருண்டது, அதைத் தொடர்ந்து நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் நின்றன. குரங்கைத் திட்டினோம். மூட்டியபோது எழுந்த புகையை யார் அளந்தார்கள்?

கருவிக்கு வெளியே இருப்பது இன்னும் பெரிய விஷயம். நுரைச்சோலையின் மொத்தக் கொள்ளளவு 900 மெகாவாட். முதல் அலகு 2011இலும் மற்றவை 2014இலும் வந்தன. அங்கே துறைமுகம் கிடையாது. தூரத்தில் நிற்கும் கப்பலிலிருந்து பாரப்படகுகளில் கரி இறங்குகிறது. தென்மேல் பருவக் காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் அது நடக்காது. ஆகவே மே முதல் செப்டம்பர் வரைக்கும் வேண்டிய கரியை ஏப்ரலுக்குள் முற்றத்தில் மலையாகக் குவித்துவிட வேண்டும். குவித்து முடிந்ததும் காற்று தொடங்குகிறது! வெங்காயமும் மரக்கறியும் பயிரிடும் அயல் கிராமங்களின் முறைப்பாடு பெரும்பாலும் இந்தக் கரி முற்றத்தையும் சாம்பல் மேட்டையும் பற்றியதுதான். திறந்த வெளியில் கிடக்கும் குவியலுக்கு எந்த மின்னேற்றமும் எட்டாது. தண்ணீர் தெளிக்கலாம், காற்றுத் தடுப்பு வலை கட்டலாம், அவ்வளவே. சம்பூரில் பெரிய கப்பல் நேரே வந்திருக்கும் என்பதால் குவியல் சிறிதாகியிருக்கலாம். ஆனால் வாடைக்காற்று அதை ஊருக்குள்ளும், கச்சான் காற்று அதைக் கடலுக்குள்ளும் அடித்துக்கொண்டு போயிருக்கும்.

பிடித்த சாம்பலின் கதையும் அங்கே முடிவதில்லை. வட சென்னை அனல் மின் நிலையம் அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறது. குழாய்கள் வெடித்துக் கசிந்து கசிந்து கொசஸ்தலையாற்றின் எண்ணூர்க் கழிமுகம் சாம்பலால் தூர்ந்து, இறாலும் நண்டும் பிடித்தவர்கள் வழக்குமன்றம் ஏறினார்கள். புகைபோக்கிக்குப் போகாமல் தடுத்தது ஆற்றுக்குப் போனது. கொட்டியாரக்குடாவில் மகாவலி கலக்கிறது. கண்டல் உண்டு, மட்டி உண்டு, மூதூர் மீனவர்களின் வலைகள் உண்டு. குடிநீரும் கடலும் என்னாகும் என்று மக்கள் கேட்டதற்குத் தகட்டின் உயரத்தைச் சொல்வது பதிலாகாது. என் காணி எங்கே என்ற கேள்விக்கும் அப்படித்தான்.

சாம்பலுக்கு நல்ல கதியும் இருக்கிறது, அது நம்மூரிலேயே இருக்கிறது. நன்கு பிடித்த உலர்ந்த சாம்பலில் கண்ணாடி போன்ற சிலிக்கா உருண்டைகள் நிறைய. சுண்ணாம்போடும் நீரோடும் சேர்ந்தால் அது இறுகும். சீமெந்தில் ஒரு பங்காகக் கலக்கலாம். 1980களில் திருகோணமலைக்கு வந்த டோக்கியோ சீமெந்து நிறுவனம் தன் கலப்புச் சீமெந்துக்கு நுரைச்சோலைச் சாம்பலைப் பயன்படுத்துகிறது. இ.எஸ்.பி. சம்பூருக்கு வரவில்லை. அது பிடித்த சரக்கு சீமெந்துப் பையில் வருகிறது. மூதூரிலும் தோப்பூரிலும் எழும் புது வீடுகளின் சுவரில் கொஞ்சம் நுரைச்சோலை இருக்கக்கூடும்.

சம்பூர்த் திட்டம் நீதிமன்றத்தில் முடிந்தது. சுற்றாடல் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், 2016 செப்டம்பர் 13ஆம் திகதி, சம்பூரில் நிலக்கரி மின் நிலையம் கட்டப்போவதில்லை என்று அரச தரப்பு உயர் நீதிமன்றத்தில் அறிவித்தது. அதற்கு முன்னரே, 2015இல், முதலீட்டு வலயத்துக்கென எடுத்த 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டு மக்கள் திரும்பத் தொடங்கியிருந்தார்கள். அடுத்த ஆண்டு கடற்படை முகாம் இருந்த காணியில் பெரும்பகுதியும் கைக்கு வந்தது. மின் நிலையத்துக்கு ஒதுக்கிய நிலம் மட்டும் மின் நிலையத்துக்கென்றே கிடந்தது.

அதே திருகோணமலை மின் கம்பனி இப்போது அங்கே சூரியசக்திப் பூங்கா கட்டுகிறது. 2025 ஏப்ரல் 5இல் இந்தியப் பிரதமர் மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் கொழும்பில் இருந்தபடி 120 மெகாவாட் திட்டத்தைத் தொடக்கிவைத்தார்கள். புகை இல்லை, சாம்பல் இல்லை, தகடு இருந்தாலும் அது வேறு தகடு. ஆனால் ஒரு மெகாவாட் சூரிய மின்சாரத்துக்கு ஏக்கர்க் கணக்கில் நிலம் வேண்டும். குடாவின் மறுபக்கம், முத்துநகரில், தாங்கள் விதைத்துவந்த வயல்கள் சூரியசக்தித் திட்டங்களுக்குப் போவதை எதிர்த்து அதே 2025இல் விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். அவர்களுடைய பதாகைகளில் தூசு வீதத்துக்கு வேலையில்லை, காணிதான் பேச்சு. நிலக்கரி போய்விட்டது; சம்பூரில் 2006இல் கேட்ட கேள்வி மாவட்டத்துக்குள் இடம் மாறியிருக்கிறது.