ஊவாவிலிருந்து ஆகாயவழி எவ்வளவு தூரம்?

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் என்பது பூமியின் வளைவையொட்டி அளக்கப்படும் மிகக் குறுகிய கோட்டின் நீளம். வீதியின் வளைவுகள் இக்கணக்கில் சேரா. ஊவாவின் பதுளைக்கும் கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானை விமான நிலையத்துக்கும் இடையே அந்தக் கோடு ஏறத்தாழ 130 கிலோமீற்றர்தான். 1924இல் பதுளையை அடைந்த ரயில் பாதையோ கொழும்பு கோட்டையிலிருந்து 290 கிலோமீற்றர் அளவுக்கு நீள்கிறது.

ஊவா மாகாணத்தில் பயணிகள் விமான நிலையம் இல்லை. பதுளைக்குத் தெற்கே, நேர்கோட்டில் 80 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், 2013 மார்ச்சில் திறக்கப்பட்ட மத்தள விமான நிலையம் இருக்கிறது. இரத்மலானைக்கும் மத்தளவுக்கும் உள்ள தூரத்தைப் பாடசாலைக் கணிதத்தாலேயே கண்டுவிடலாம். அகலாங்கில் வித்தியாசம் 0.54 பாகை, நெட்டாங்கில் 1.23 பாகை. நிலநடுக்கோட்டுக்கு அருகே இரண்டிலும் ஒரு பாகை சுமார் 111 கிலோமீற்றர். 60, 136 என்ற இரு பக்கங்களுக்குப் பைதகரஸ் தேற்றத்தைப் பிரயோகித்தால் விடை சுமார் 149 கிலோமீற்றர்.

மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் சிறு விமானத்துக்கு இது அரை மணித்தியாலப் பறப்பு. 500 கிலோமீற்றர் வேக விமானத்துக்கு 18 நிமிடம். மிச்சம் 12 நிமிடம்தான். அதுவும் முழுதாகக் கிடைப்பதில்லை. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலெழுவது, தரையிறங்க வரிசைப்படுவது எல்லாம் தூரம் குறைந்தாலும் குறையாத நேரங்கள். காற்றும் கணக்கை மாற்றும். தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து மணிக்கு 50 கிலோமீற்றர் வேகக் காற்று வீசுவதாகக் கொண்டால், சிறு விமானம் மத்தளவுக்கு 26 நிமிடத்தில் போகும். திரும்பி வர 36 நிமிடம் பிடிக்கும்.

மலைநாட்டில் தூரத்தோடு உயரத்தையும் கணக்கிட்டே ஆகவேண்டும். இரத்மலானையிலிருந்து பதுளைக்கு நேர்கோடு போட்டால் அது ஹட்டனையும் நுவரெலியாவையும் ஒட்டிச் செல்லும். அருகே பீதுருதலாகல 2,524 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. தூரத்தைத் தவறாகக் கணிப்பதன் விலையை இந்த மலைகள் கண்டிருக்கின்றன. 1974 டிசம்பர் 4ஆம் திகதி, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களுடன் கட்டுநாயக்க விமான நிலையத்தை நெருங்கிய மார்ட்டின்எயார் விமானம் மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் மாண்டனர். நிலையத்துக்கு இன்னும் 70 கிலோமீற்றருக்கு மேல் இருக்கையில், மிக அருகில் வந்துவிட்டதாக எண்ணி விமானிகள் கீழிறங்கியிருந்தார்கள்.

ஊவாவின் தோட்ட மக்களுக்கு விமானப் பயணம் பெரும்பாலும் வளைகுடா வேலைக்கான பயணம். கட்டுநாயக்கவிலிருந்து டுபாய் சுமார் 3,300 கிலோமீற்றர். ஐந்து மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். பசறையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ பஸ் பிடித்துக் கட்டுநாயக்க போய்ச் சேர அதைவிட நேரமாகிறது. ஊவாவில் புதிய ஓடுபாதை அமைப்பதைவிட, விமான நேரங்களுக்குப் பொருந்திய நேரடி பஸ் சேவையே இவர்களின் பயணத்தைச் சுருக்கும். போக்குவரத்துத் திட்டமிடுவோர் முதலில் செய்யவேண்டியது அதுதான்.