பதில் வராத கடிதம்

கடிதம் எழுதித் தபால் பெட்டியில் போட்டபின், பதில் வரும்வரை அங்கேயே நிற்பீர்களா? வீடு திரும்பி மற்ற வேலைகளைக் கவனிப்பீர்கள் அல்லவா? இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணிப்பொறி மொழியும் அப்படித்தான் செய்கிறது.

தேர்வு முடிவை அறியப் பதிவெண்ணைத் தட்டுகிறீர்கள். உலாவி அதைத் தொலைவிலுள்ள சர்வருக்கு அனுப்புகிறது. பதில் வரச் சில நொடிகள் ஆகலாம். ஜாவாஸ்கிரிப்ட் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். பதிலுக்காக அது நின்றுவிட்டால் பக்கம் முழுவதும் உறைந்துபோகும். எனவே வேண்டுகோளை அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குச் செல்கிறது. பதில் வந்ததும் திரும்பி வந்து கவனிக்கிறது.

ஜாவாஸ்கிரிப்டை 1995-இல் பிரெண்டன் ஐக் உருவாக்கினார். பக்கத்தை மாற்றாமலே சர்வரிடம் செய்தி கேட்கும் வசதி, 1999-இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உலாவியில் இடம்பெற்றது. 2015-இல் 'ஃபெட்ச்' என்னும் எளிய கட்டளை உலாவிகளில் வரத் தொடங்கியது. ஃபெட்ச் உடனே பதிலைத் தராது. 'பிராமிஸ்', அதாவது ஒரு வாக்குறுதியைத் தரும். அந்த வாக்கு நிறைவேறலாம், முறியவும் செய்யலாம்.

என்னென்ன தவறுகள் நேரலாம்? மீண்டும் கடிதத்தையே நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, வழியில் பாலம் உடைந்து கடிதம் போய்ச் சேரவில்லை. இணைப்பு அறுந்தால் இதுவே நிகழ்கிறது. வாக்கு முறிகிறது. நிரலை 'ட்ரை' பகுதியில் 'அவெய்ட்' என்னும் சொல்லுடன் எழுதினால், இத்தவறை 'கேட்ச்' பகுதி பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, "இப்படி ஒருவர் இங்கு இல்லை" என்ற குறிப்புடன் கடிதம் திரும்பி வருகிறது. சர்வர் அனுப்பும் 404 என்ற எண்ணின் பொருள் இதுவே. 500 என்றால் சர்வருக்குள்ளேயே கோளாறு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்! ஏதோ ஒரு பதில் வந்துவிட்டதால், ஃபெட்ச் இதைத் தோல்வியாகக் கருதுவதில்லை. பதிலின் 'ஓகே' என்னும் பண்பை நாமே சோதிக்க வேண்டும். எண் 200 முதல் 299 வரை இருந்தால்தான் அது 'உண்மை' என்று காட்டும்.

மூன்றாவது, கடிதம் வந்தது, எழுத்துகள் புரியவில்லை. 'ஜேசன்' வடிவத்தில் வரவேண்டிய தகவல் சிதைந்து வந்தால் இந்நிலை. இதையும் 'கேட்ச்' பிடிக்கும்.

நான்காவது, பதிலே இல்லை. எவ்வளவு நேரம் காத்திருப்பது? 10 நொடி என்று நாமே ஒரு வரம்பு வைத்து, 'அபார்ட் கன்ட்ரோலர்' கொண்டு வேண்டுகோளைக் கைவிடலாம்.

கைவிட்டால் மறுபடி அனுப்பலாமா? சற்றுச் சிந்தியுங்கள். தேர்வு முடிவைக் கேட்பதானால் பத்து முறை கேட்டாலும் கேடில்லை. ஆனால் தேர்வுக் கட்டணம் செலுத்தும்போது? உங்கள் வேண்டுகோள் சர்வரை அடைந்து, பணமும் எடுக்கப்பட்டு, திரும்பி வந்த பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பினால் பணம் இரண்டு முறை போகும்! பதில் வரவில்லை என்பதும், வேலை நடக்கவில்லை என்பதும் ஒன்றல்ல. இதனால்தான் ஒவ்வொரு கட்டண வேண்டுகோளுக்கும் தனி அடையாள எண் கொடுப்பார்கள். அதே எண் மீண்டும் வந்தால், சர்வர் பணத்தை மறுபடி எடுக்காமல் பழைய பதிலையே அனுப்பும்.

தவறைப் பிடித்தால் மட்டும் போதாது. அதை உள்ளபடி சொல்லவும் வேண்டும். இணைப்பு அறுந்ததற்கு "மதிப்பெண் 0" என்று திரையில் தோன்றினால் அந்த மாணவன் மனம் என்ன பாடுபடும்! "முடிவைப் பெற இயலவில்லை, சற்றுப் பொறுத்து முயலவும்" என்பதே நேர்மையான விடை.

நீங்கள் எழுதும் முதல் நிரலிலேயே இந்த நான்கு தவறுகளையும் வேண்டுமென்றே உண்டாக்கிச் சோதித்துப் பாருங்கள். எல்லாம் சரியாக நடக்கும்போது எந்த நிரலும் நல்ல நிரல்தான். தவறு நேரும்போது அது என்ன செய்கிறது என்பதே அதன் தரத்தைக் காட்டும்.